முட்டி கிழிந்த பேன்ட், ஓட்டை விழுந்த பனியன்: குழந்தைத் துணியைச் சரிசெய்ய எந்த வழி எதற்குப் பொருந்தும்?

குழந்தைகளின் துணி பெரியவர்களுடையதுபோல எல்லா இடத்திலும் ஒரே சீராக நைந்து போவதில்லை. முட்டி, முழங்கை, உட்காரும் இடம், கையின் ஓரம் என்று நாலைந்து இடம் மட்டும் அடி வாங்கும், மற்றதெல்லாம் வாங்கிய புதிதில் இருந்தபடியே இருக்கும். தூக்கிப் போடவும் மனசு வராது, அப்படியே மாட்டி வெளியே அனுப்பவும் முடியாது. சரி, தைத்துப் போடலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த குழப்பம் வருகிறது. இஸ்திரி போட்டு ஒட்டுகிற ஒட்டு போதுமா, துணி வைத்துத் தைப்பதா, பார்க்க அழகாக எம்ப்ராய்டரி போடுவதா, ஓட்டையை ஊசி நூலாலேயே நெய்து மூடுகிற டார்னிங் செய்வதா, இல்லை பேசாமல் முட்டியோடு வெட்டி அரை டிரவுசர் ஆக்கிவிடுவதா?

எல்லாமே நல்ல வழிகள்தான், ஆனால் எல்லாம் எல்லாத் துணிக்கும் ஒத்துவராது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த முறை அழகு என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தத் துணியை இந்தக் குழந்தை இன்னும் எத்தனை மாதம் போடும் என்று பாருங்கள். கணுக்காலுக்கு மேலே ஏறத் தொடங்கிவிட்ட பேன்ட்டுக்கு மூன்று சாயங்காலம் உட்கார்ந்து பூவேலை செய்வதில் அர்த்தமில்லை. அதையே அடுத்துப் போட ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால் அந்த மூன்று சாயங்காலமும் வீண் போகாது.

முதலில் துணியைப் பாருங்கள்

துணிகளில் நெய்தது ஒரு ரகம், பின்னியது ஒரு ரகம். நெய்த துணியில் பாவும் ஊடையும் நெடுக்கும் குறுக்குமாக ஓடும். ஜீன்ஸ், பருத்திச் சட்டை, கார்டுராய் பேன்ட் எல்லாம் இந்த ரகம். பின்னிய துணியில் நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு போகும். டி-ஷர்ட், லெக்கிங்ஸ், ஸ்வெட்டர், சாக்ஸ் இந்த ரகம். அகலவாக்கில் இழுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ரப்பர் மாதிரி நீளும் லைக்ரா இழை கலந்த ஜீன்ஸும் இழுபடும் என்பதால் அதை மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வீட்டில் போட்ட தையல் இரண்டாவது துவைப்பிலேயே விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நெய்த துணி கிழிந்தால் ஓரத்தில் இழை பிரியும், அவ்வளவுதான், நாலு நாள் காத்திருக்கும். பின்னிய துணியில் ஒரு வளையம் அறுந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த வளையமும் அவிழும், அதற்கடுத்ததும் அவிழும், துவைக்கிற மெஷினில் ஒரு முறை சுற்றிவிட்டு வந்தால் மிளகளவு ஓட்டை கட்டைவிரல் நுழைகிற அளவாகியிருக்கும். அதனால் டி-ஷர்ட் ஓட்டையைத் துவைப்பதற்கு முன்னால் கவனிக்க வேண்டும். அப்புறம், நெய்த துணிக்குக் கூரான ஊசி, பின்னிய துணிக்கு முனை உருண்ட ஊசி. கூரான ஊசி வளையத்தையே குத்தி அறுத்துப் புது ஓட்டை போடும். தையலும் அப்படித்தான். பனியன் துணியில் நேர் தையல் போட்டால், குழந்தை தலை வழியாக மாட்டும்போது துணி இழுபடும், நூல் இழுபடாது, படக்கென்று அறுந்துவிடும். மெஷினில் ஜிக்ஜாக், கையில் என்றால் குறுக்கே குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற ஹெர்ரிங்போன் தையல், இரண்டும் துணியோடு சேர்ந்து நீளும்.

இன்னொரு சோதனை, இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கிழிந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஓட்டை சின்னதாக இருக்கும், ஆனால் அதைச் சுற்றி வெளிச்சம் கசிகிற பரப்பு அதைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். நீங்கள் சரிசெய்ய வேண்டியது அந்தக் கசிகிற பரப்பு முழுவதையும். ஓட்டையை மட்டும் மூடினால் நல்ல ஒட்டுக்கும் நைந்த துணிக்கும் நடுவே ஒரு வாரத்தில் புதுசாகக் கிழியும்.

இஸ்திரி ஒட்டு

சோம்பலான சாயங்காலத்துக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும். பின்பக்கம் சூட்டில் உருகுகிற பசை தடவியிருக்கும், வைத்து அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. டைனோசர், ராக்கெட், நட்சத்திரம் என்று படங்கள் போட்டிருப்பதால் குழந்தைகளுக்கும் கொள்ளைப் பிரியம்.

பிரச்சினை என்னவென்றால் சூட்டில் உருகி ஒட்டியது சூட்டில் இளகவும் செய்யும். வெந்நீரில் துவைத்து டிரையரில் போடுகிற வீடுகளில் மூலை தூக்கிக்கொள்ளும். முட்டி வேறு ஓயாமல் மடங்குகிற இடம். பசை காய்ந்து விறைப்பாக இருக்கும், துணி மடங்கும், ஓரம் பிரியும், பிரிந்த ஓரத்தைக் குழந்தை பிய்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே முட்டிக்கு இஸ்திரி ஒட்டு மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். ஒட்டிவிட்டு ஓரத்தைச் சுற்றித் தைத்துவிட்டால் அது வேறு கதை, அப்போது பசை குண்டூசி செய்கிற வேலையைச் செய்கிறது, தாங்குகிற வேலையைத் தையல் செய்கிறது. மார்பு, முதுகு, பாக்கெட் மாதிரி மடங்காத இடங்களில் சின்ன ஓட்டைக்கு இது தனியாகவே போதும்.

துணியின் லேபிளில் இஸ்திரிப் பெட்டி படத்துக்குள் இருக்கிற புள்ளிகளைப் பாருங்கள். ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி செல்சியஸ் வரை, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. பருத்தி பொதுவாக மூன்று புள்ளி தாங்கும். நைலான் மழைக்கோட்டு, அக்ரிலிக் ஸ்வெட்டர் எல்லாம் ஒரு புள்ளி ரகம், பசை உருகுவதற்கு முன்னால் துணி சுருங்கி வீணாகும். மழைக்கோட்டுக்கு இஸ்திரி தேவைப்படாத ஒட்டு டேப் தனியாக வருகிறது, அதை ஓட்டையைவிடப் பெரிதாக வட்டமாக வெட்டி ஒட்டினால் போதும். ஊசியால் தைத்தால் ஒவ்வொரு துளை வழியாகவும் தண்ணீர் இறங்கும். எந்த ஒட்டாக இருந்தாலும் மூலையை வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலைதான் முதலில் கிளம்பும்.

துணி வைத்துத் தைப்பது: மேலேயா, உள்ளேயா?

ஒரே ஒரு முறைதான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் முட்டியை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அதில் தேய்மானம் எப்படி நடக்கிறது என்பது கண்ணாலேயே தெரியும். வழக்கமான ஜீன்ஸில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. மேற்பரப்பில் அதிகம் தெரிவது நெடுக்கே ஓடுகிற நீலம்தான், தரையில் தேய்வதும் அதுதான். முதலில் நீல இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து உதிரும், அப்புறம் குறுக்கே வெள்ளை நூல்கள் மட்டும் கம்பி போட்ட மாதிரி நிற்கும். பலர் இந்த நிலையில் அந்த வெள்ளை நூல்களை வெட்டிச் சுத்தமாக்கிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். அவை இன்னும் பலமான நூல்கள், பின்னால் ஒரு துணி வைத்து அவற்றோடு சேர்த்துத் தைத்தால் அவையே ஒட்டைத் தாங்கும்.

உள் ஒட்டு என்றால் துணியைப் பின்பக்கம் வைப்பது, கிழிசல் வழியாக அது எட்டிப் பார்க்கும். பூப்போட்ட துணியோ கோடு போட்ட துணியோ வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும், கிழிசலையே வாய் மாதிரி வைத்துப் பல்லும் கண்ணும் தைத்துக் குட்டிப் பூதம் செய்கிறவர்கள்கூட இருக்கிறார்கள், சின்னக் குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் தரையில் தேய்வது இன்னமும் பழைய துணியின் ஓரம்தான், அது தொடர்ந்து பிரியும். மேல் ஒட்டு என்றால் அடியை ஒட்டு வாங்கிக்கொள்ளும், பழைய துணி ஓய்வெடுக்கும். மண்டியிட்டு விளையாடுகிற வயதில் மேல் ஒட்டுதான் அதிக நாள் உழைக்கும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தவழும் குழந்தைக்கும் மேல் ஒட்டுதான், ஆனால் மெல்லிய, மிருதுவான துணியில். தடித்த ஜீன்ஸ் ஒட்டு இரண்டு முட்டியிலும் பலகை கட்டிய மாதிரி இருந்தால் தவழ்வதற்கே கஷ்டப்படும்.

ஒட்டு போடப்போகிற துணியை முதலில் துவைத்துக் காய வையுங்கள். புதுப் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், பழைய பேன்ட் சுருங்கி முடித்துவிட்டது, துவைக்காமல் தைத்தால் ஒட்டைச் சுற்றிச் சுருக்கம் விழும். கசிகிற பரப்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர் நல்ல துணியில் ஏறுகிற அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒட்டின் பாவு பேன்ட்டின் பாவு ஓடுகிற திசையிலேயே இருக்கட்டும், கோணலாக வைத்தால் இரண்டும் வேறு வேறு பக்கம் இழுக்கும். ஓரத்தை மடித்து, இஸ்திரி போட்டு, குண்டூசி குத்தி, சுற்றித் தையுங்கள்.

இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் வருகிறது: குழந்தை பேன்ட்டின் கால் குழாய் அவ்வளவு சின்னது, மெஷினின் கையில் ஏறவே ஏறாது. அதற்கு வழி, ஒரு பக்கத் தையலைப் பிரித்துவிடுவது. ஜீன்ஸில் இரண்டு பக்கத் தையலும் ஒரே மாதிரி இருக்காது. பெரும்பாலும் ஒரு பக்கம் துணியை மடித்து உள்ளே செருகி இரட்டைக் கோடாகத் தைத்திருக்கும், இன்னொரு பக்கம் சாதாரணத் தையலும், ஓரம் பிரியாமல் சுற்றிப் போட்ட ஓவர்லாக்கும் மட்டும் இருக்கும். சாதாரணமாக இருக்கிற பக்கத்தை முட்டிக்கு மேலும் கீழும் ஒரு சாண் பிரியுங்கள், துணி தட்டையாக விரியும், ஒட்டு தைத்து முடித்ததும் மறுபடி மூடிவிடலாம். கையால் தைப்பதென்றால் பிரிக்கவே தேவையில்லை, காலுக்குள் ஒரு தடித்த அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள், மறுபக்கத் துணி ஊசியில் மாட்டாது.

ஓட்டை விழும்வரை காத்திருக்காமல் புதுப் பேன்ட்டுக்கே உள்பக்கம் முட்டியில் ஒரு துணி வைத்துத் தைத்துவிடுவதும் உண்டு. 1873இல் அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் பேன்ட்டில் இழுவிசை அதிகமாக விழுகிற இடங்களில் செம்பு ரிவெட் அடிக்கக் காப்புரிமை வாங்கியதும் இதே யோசனைதான்: எங்கே பிய்யும் என்று தெரிந்தால் பிய்வதற்கு முன்னால் பலப்படுத்து. ஒரு பேன்ட்டின் முட்டி எப்போதும் ஒரே இடத்தில் போகிறது என்றால் அடுத்த பேன்ட்டில் அந்த இடத்துக்கு முன்கூட்டியே துணி வைப்பது எல்லாவற்றையும்விடக் குறைந்த உழைப்பு.

சஷிகோ, காந்தா: பரப்பு முழுக்க நைந்தால்

சில துணியில் ஓட்டை என்று எதுவும் இருக்காது, ஆனால் உட்காரும் இடம் முழுக்கக் கொசுவலை மாதிரி ஆகியிருக்கும். அதற்கு ஒட்டின் ஓரத்தை மட்டும் தைத்தால் போதாது, நடுவில் துணி தொங்கிக் கிழியும். பரப்பு முழுவதையும் பின்துணியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஜப்பானில் விவசாய, மீனவக் குடும்பங்கள் வேலை உடுப்புகளைப் பலப்படுத்த இதைத்தான் செய்தார்கள். அவுரி நீலத் துணியை அடுக்கி வெள்ளை நூலில் வரிசை வரிசையாக, ஊசி மேலும் கீழும் ஏறி இறங்கிப் போகிற ரன்னிங் ஸ்டிட்ச் ஓட்டுவார்கள், அதுதான் சஷிகோ. வங்காளத்தின் காந்தா தையலும் பழைய சேலை, வேட்டிகளை அடுக்கிச் சின்னச் சின்ன ரன்னிங் ஸ்டிட்சால் ஒன்றாக்குவதுதான், தைக்கிற நூலையும் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். இன்று இரண்டும் அலங்காரமாகப் பார்க்கப்படுகின்றன, பிறந்தது தேவையில்தான், அதனால்தான் இவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன.

குழந்தைத் துணிக்கு இதில் இருக்கிற பெரிய லாபம், தையல் தப்பாகத் தெரியாது. கோடு கொஞ்சம் வளைந்தாலும் அழகாகவே இருக்கும், ஊசி பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் இரண்டு அல்லது மூன்று இழை பிரித்துக்கொண்டு, வரிசைக்கு வரிசை அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஓட்டலாம். ஒவ்வொரு வரிசை முடிவிலும் நூலை இறுக்கி இழுக்காமல் திரும்புகிற இடத்தில் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், இல்லாவிட்டால் துவைத்தபின் பரப்பே சுருங்கிக் கிண்ணம் மாதிரி ஆகிவிடும். சிவப்பு, கருநீல நூலென்றால் முதலில் ஈரத் துணியில் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நஷ்டம் என்றால் நேரம்தான். ஒரு முட்டிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். உள்பக்கம் முடிச்சும் நூலும் நிறைய வரும், சின்னக் குழந்தையின் தோலில் உரசும். நீளும் துணிக்கு இது ஆகவே ஆகாது, லெக்கிங்ஸில் சஷிகோ போட்டால் குழந்தை உட்கார்ந்ததும் நூல் அறுந்துவிடும். ஜீன்ஸ், டெனிம் ஜாக்கெட், தடித்த பருத்தி, இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பல மாதம் போடப்போகிற துணிக்கு.

ஸ்வெட்டருக்கும் சாக்ஸுக்கும் டார்னிங்

டார்னிங் என்றால் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசியாலேயே புதுத் துணி நெய்வது. ஸ்வெட்டர் முழங்கையில் ஓட்டை என்று வைத்துக்கொள்வோம். கைக்குள் ஒரு டென்னிஸ் பந்தோ உருண்டையான கரண்டியின் முதுகோ வைத்து, துணியை இழுக்காமல் அதன்மேல் படிய விடுங்கள். ஓட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் வெளியே நல்ல பின்னலில் ஆரம்பித்து, மேலும் கீழுமாக நெருக்கமான கோடுகள் ஓட்டுங்கள், ஓட்டைக்கு மேலே அவை வெறும் நூலாகக் கடந்து போகும். இது பாவு. அப்புறம் ஊசியைத் திருப்பிக் குறுக்கே, ஒரு நூலுக்கு மேலே, அடுத்த நூலுக்குக் கீழே என்று கோத்துக்கொண்டே வாருங்கள், அடுத்த வரிசையில் மாற்றி. ஊசியின் முதுகால் ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையோடு நெருக்கித் தள்ளினால் கூடை முடைந்த மாதிரிக் குட்டிச் சதுரம் வந்துவிடும். பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம் என்று எடுத்தால் சின்னக் கட்டம் போட்ட துணியே கிடைக்கும், இதை மறைக்க நினைப்பதைவிடக் காட்டுவது எவ்வளவோ மேல்.

ஓட்டை விழவில்லை, மெலிந்துதான் இருக்கிறது என்றால் இதைவிடச் சுலபமான ஒன்று உண்டு. பின்னலில் 'வி' மாதிரித் தெரிகிற ஒவ்வொரு கண்ணியின் மேலும் அதே பாதையில் இன்னொரு நூலை ஓட்டுவது, சுவிஸ் டார்னிங் என்பார்கள். இது பின்னலோடு சேர்ந்து நீளும், தடிமனாக இருக்கும், இதயம் நட்சத்திரம் என்று வடிவம்கூடக் கொண்டுவரலாம். ஆனால் அடியில் பிடித்துக்கொள்ள நூல் மிச்சம் இருக்கும்போதுதான் முடியும், அதனால் ஸ்வெட்டரை எடுத்து வைக்கும்போதே முழங்கையை வெளிச்சத்தில் பார்த்துவிடுவது நல்லது.

சாக்ஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கம்பளி சாக்ஸ், கையால் பின்னியது என்றால் டார்னிங் செய்யுங்கள். மெல்லிய பருத்தி சாக்ஸுக்கு ஷூவுக்குள் அந்தத் தடிப்பு உறுத்தும், குழந்தை நடக்க மறுக்கும், விட்டுவிடலாம்.

சின்ன ஓட்டையும் போகாத கறையும்

டி-ஷர்ட்டில் பட்டாணி அளவுக்குக் குறைவான ஓட்டை, மார்பில் எதைப் போட்டும் போகாத கறை, இவற்றுக்கு எம்ப்ராய்டரியும், வடிவமாக வெட்டிய துணியை மேலே வைத்துத் தைக்கிற அப்ளிக்கும்தான் சரி. ஓட்டை என்றால் முதலில் அறுந்த வளையங்களை அதே நிற நூலால் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சுருக்கி மூடுங்கள். பின்னால் மெல்லிய ஒட்டும் இன்டர்ஃபேஸிங் (துணிக்குப் பலம் கொடுக்கிற உள்துணி) ஒரு துண்டு வைத்து இஸ்திரி போட்டுவிட்டு, அதன்மேல் ஒரு பூவோ வண்டோ தைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நாலைந்து ஓட்டை சிதறிக் கிடந்தால் நாலைந்து நட்சத்திரம். கறைக்கு ஓட்டை மூடுகிற வேலையே இல்லை, அப்ளிக் மட்டும் போதும்.

அப்ளிக் துணிக்குப் பலர் நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த ஃபெல்ட் எடுக்கிறார்கள், ஓரம் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டாம், குழந்தையே வெட்டிக் கொடுக்கலாம். ஆனால் கைவேலைக்கு வரும் மலிவான செயற்கை ஃபெல்ட் சீக்கிரம் உருண்டை உருண்டையாகப் பஞ்சு கிளப்பும், அசல் கம்பளி ஃபெல்ட் வெந்நீரில் சுருங்கும். அடிக்கடி துவைக்கிற டி-ஷர்ட்டுக்குப் பழைய டி-ஷர்ட்டிலிருந்தே வெட்டிய துண்டு இரண்டையும்விட நல்லது. அதுவும் ஓரம் பிரியாது, அதே அளவு நீளும், அதே மாதிரி துவைபடும்.

கறைக்குச் சாயம் போடலாமா என்றால், துணி முழுக்கப் பருத்தியாக இருந்தால் போடலாம். தைத்த நூல் பாலியெஸ்டராக இருந்தால் அது மட்டும் சாயம் ஏற்காமல் பழைய நிறத்திலேயே நிற்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சிலருக்கு அந்தத் தனித் தையல் கோடு பிடிக்கும்.

வெட்டி மாற்றுவது, நீட்டுவது

முட்டி போய்விட்டது, நீளமும் குறைந்துவிட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம், வெட்டி அரை டிரவுசர் ஆக்குங்கள். கிழிசலுக்கு மேலே வெட்டி, மடித்துத் தைக்க 3 சென்டிமீட்டர் விடுங்கள். இரண்டு காலையும் சேர்த்து மடித்து வெட்டாமல் ஒரு காலை வெட்டி அதை அளவாக வைத்து இன்னொன்றை வெட்டினால் சமமாக வரும். முழுக்கையில் முழங்கை கிழிந்த டி-ஷர்ட்டுக்கும் இதே கதைதான். நேரத்துக்குக் கிடைக்கும் பலன் என்று கணக்குப் போட்டால் எல்லாவற்றிலும் இதுதான் முதலிடம்.

நீளம் மட்டும் குறைந்து துணி நன்றாக இருந்தால் காலின் கீழே வேறு துணியில் பட்டி வைத்து நீட்டலாம், லெக்கிங்ஸுக்குப் பழைய ஸ்வெட்டரின் கைப்பட்டி கச்சிதமாகப் பொருந்தும். எலாஸ்டிக் தளர்ந்த பேன்ட்டைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். இடுப்புப் பட்டியின் உள்ளே இரண்டு விரல் நீளம் பிரித்து, பழைய எலாஸ்டிக்கின் நுனியில் புதியதை ஊக்கால் மாட்டி இழுத்தால் பழையது வெளியே வரும்போதே புதியது உள்ளே போய்விடும். ஜிப்பும் அப்படித்தான். மூடியபின் பிளந்துகொண்டால் பல் நன்றாகவே இருக்கும், ரன்னர்தான் வாய் விரிந்திருக்கும், குறடால் அதன் இரண்டு பக்கத்தையும் மெதுவாக ஒரு அழுத்து அழுத்திப் பாருங்கள்.

அழகுக்கு முன்னால் பாதுகாப்பு

மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தையின் துணியில் பட்டன், மணி, ஜமிக்கி எதையும் அலங்காரத்துக்காகத் தைக்காதீர்கள். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் வாயில் வைத்துக் கடித்தால் நூல் விட்டுப்போகும், தொண்டையில் சிக்கும். வண்டுக்குக் கண் வேண்டுமா, நூலால் முடிச்சுப் போட்டு வையுங்கள். கழுத்திலும் தலைமூடியிலும் நாடா, கயிறு சேர்க்கவே கூடாது. ஐரோப்பாவின் இஎன் 14682 தர விதி ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் துணியில் கழுத்து, தலைமூடிப் பகுதியில் இழுவைக் கயிறையே அனுமதிப்பதில்லை. சறுக்குமரம் மாதிரி ஏதாவது ஒன்றில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும் என்பதே காரணம். கைக்குழந்தைக்கு என்றால் தையலின் பின்பக்கத்தை மெல்லிய பருத்தித் துண்டால் மூடிவிடுங்கள், முடிச்சு தோலில் படாது.

குழந்தையிடம் கேளுங்கள்

நாம் என்னதான் கணக்குப் போட்டாலும் போடப்போவது அவர்கள். நான்கு வயதுக் குழந்தை முட்டியில் பெரிய ஆரஞ்சு நிற டைனோசர் கேட்கும், அதைப் போட்டுவிட்டால் மற்ற பேன்ட்டையும் கிழித்துக்கொண்டு வரும். பத்து வயதுப் பிள்ளை அதே டைனோசரைப் பார்த்தால் பேன்ட்டை அலமாரிக்கு அடியில் தள்ளிவிடும். பெரிய பிள்ளைகளுக்கு அதே நிறத்தில் உள் ஒட்டு, அல்லது அவர்களே தேர்ந்தெடுத்த நிறத்தில் சஷிகோ, இரண்டில் எது என்று அவர்களிடமே விடுங்கள். ஊசியைக் கையில் கொடுத்து முதல் இரண்டு வரிசையை அவர்களே ஓட்டச் சொன்னால் இன்னும் நல்லது, தான் தைத்ததை யாரும் ஒளித்து வைப்பதில்லை. சீருடைக்கு மட்டும் மறைவான தையல் போதும், அங்கே அலங்காரம் குழந்தைக்குத்தான் சங்கடம்.

எதை விட்டுவிடலாம்

கிழிசலுக்கு இரண்டு பக்கமும் நல்ல துணி என்று தோன்றுகிற இடத்தைப் பிடித்து மிதமாக இழுங்கள். அங்கேயும் பிய்ந்தால் அந்தத் துணி எந்தத் தையலையும் தாங்காது. லைக்ரா செத்துப்போன லெக்கிங்ஸ் முட்டியில் பை மாதிரித் தொங்கும், அதையும் விட்டுவிடுங்கள். முதலில் சொன்ன மாதக் கணக்கை இங்கேயும் போடுங்கள். ஒரு மாதம்கூடப் போடாத துணிக்குச் சுற்றி ஜிக்ஜாக் போட்ட இஸ்திரி ஒட்டே அதிகம்.

விடுவதற்கு முன்னால் கத்தரியோடு ஒரு சுற்று போங்கள். ஜீன்ஸின் முன்பக்க முட்டி போயிருக்கும், ஆனால் பின்பக்கம் முட்டிக்குக் கீழே இருக்கிற துணி தேய்ந்திருக்கவே இருக்காது. பல முறை துவைத்துச் சுருங்கி முடித்த அந்தத் துண்டைவிட நல்ல ஒட்டுத்துணி கிடைக்காது. ஜிப், பட்டன், எலாஸ்டிக் நன்றாக இருந்தால் அதுவும், டி-ஷர்ட்டின் முதுகுத் துணியும், ஸ்வெட்டரின் கைப்பட்டியும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஊசி நூலோடு வைத்துக்கொண்டால் அடுத்த முட்டி கிழியும்போது துணி தேடி அலைய வேண்டியதில்லை.